இணையவழி எச்டிஆர் ஒளிபரப்பும் மங்கலான படமும்: ஒரு வரலாறு

எச்டிஆர் என்பது, ஒரு படத்தின் மிக இருண்ட பகுதிக்கும் மிக வெளிச்சமான பகுதிக்கும் இடையிலான ஒளிர்வு வீச்சை, பழைய தொலைக்காட்சி முறை அனுமதித்ததைவிடப் பலமடங்கு விரிவாகப் பதிவுசெய்து காட்டும் நுட்பமாகும். தமிழில் இது உயர் இயங்கு வீச்சு என்று குறிக்கப்படுகிறது. 2015ஆம் ஆண்டு முதல் இணையவழி ஒளிபரப்புச் சேவைகள் வழியாக இந்நுட்பம் வீடுகளுக்குள் வந்தது. இயற்கையான வெளிச்சம், ஆழ்ந்த கருமை, செறிந்த நிறம் ஆகியவை இதன் சிறப்புகளாக அறிவிக்கப்பட்டன. ஆனால் பலருடைய வீட்டில் நிகழ்ந்தது வேறு. எச்டிஆர் என்ற குறி திரையில் தோன்றியதும் படம் முன்னைவிட இருண்டது. முகங்கள் நிழலில் மறைந்தன. வானத்தில் பட்டைபட்டையாகக் கோடுகள் தெரிந்தன.

இந்த ஏமாற்றத்துக்குக் கருவியின் பழுதோ இணைய வேகமோ மட்டும் காரணமன்று. திரையின் ஒளிர்வை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு 2014இல் தரநிலை அமைத்தவர்கள் அளித்த விடையிலேயே அதன் வேர் உள்ளது.

நூறு நிட் காலம்

திரையின் ஒளிர்வு நிட் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு ஒரு கேண்டெலா என்பதே ஒரு நிட். நேரடி வெயிலில் கிடக்கும் வெள்ளைத் தாளின் ஒளிர்வு பல்லாயிரம் நிட் இருக்கும். திரையரங்கில் எண்ணியல் வீழ்த்தியின் வெள்ளைக்கு வகுக்கப்பட்ட அளவோ வெறும் 48 நிட்.

தொலைக்காட்சியின் அளவு இவ்விரண்டுக்கும் நடுவில் அமைந்தது. எதிர்மின்கதிர்க் குழாய்த் திரைகள் புழங்கிய காலத்தில், படப்பிடிப்பு நிலையங்களின் கண்காணிப்புத் திரைகளில் வெள்ளை ஏறத்தாழ 100 நிட்டாக வைக்கப்பட்டது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990இல் வெளியிட்ட பிடி.709 என்ற உயர்தெளிவுத் தரநிலையும் அந்த மரபைப் பின்பற்றியே வளர்ந்தது.

இம்முறையின் முக்கியமான இயல்பு ஒன்று உண்டு. சமிக்ஞை எத்தனை நிட் என்று சொல்வதில்லை. திரையால் தரக்கூடிய முழு வெளிச்சத்தில் எத்தனை பங்கு என்று மட்டுமே சொல்கிறது. மீதியைப் பெட்டியும் அதன் முன் அமர்ந்தவரும் பார்த்துக்கொண்டனர். பகலில் கூடத்தில் வெளிச்சம் அதிகம் என்றால் பிரகாசத்தைக் கூட்டினார்கள், இரவில் குறைத்தார்கள். பின்னர் வந்த எல்சிடி திரைகள் 300 நிட்டுக்கும் மேல் தந்தபோது, 100 நிட்டுக்கு வண்ணம் சீர்செய்யப்பட்ட படம் மும்மடங்கு வெளிச்சத்தில் ஓடியது. அதைத் தவறென்று யாரும் கருதவில்லை; வெளிச்சமான அறைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

இழப்பு வேறிடத்தில் இருந்தது. வெள்ளைச் சட்டையும், அதன் பின்னால் தெரியும் சூரியனும், விளக்கின் இழையும் ஏறத்தாழ ஒரே வெள்ளையாகவே பதிவாயின. மேக விளிம்புகளின் நுணுக்கம் வெண்மையில் கரைந்தது. எச்டிஆர் தீர்க்க முற்பட்ட குறை இதுவே.

நிழற்படத்தின் எச்டிஆர்

நிழற்படக் கலை இக்குறையை முன்பே சந்தித்திருந்தது. 1850களில் பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரண்டு எதிர்ப்படிகளை இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். 1997இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் ஆகிய இருவரும், வெவ்வேறு ஒளியூட்டங்களில் எடுத்த படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளிர்வைக் கணிக்கும் முறையை ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். 2010க்குப் பின் கைப்பேசிக் கேமராக்களிலும் எச்டிஆர் என்ற சொல் பரவியது.

இவ்விரு எச்டிஆர்களும் ஒன்றல்ல. நிழற்பட எச்டிஆர், பெரிய ஒளிர்வு வீச்சைச் சாதாரணத் திரைக்குள் அடக்கிச் சுருக்குகிறது. தொலைக்காட்சி எச்டிஆர் திரையின் வீச்சையே விரிக்க முயல்கிறது. ஆகவே முன்னதற்கு நல்ல கணிப்பு போதும். பின்னதற்கு நல்ல திரை வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து தரநிலை வரை

அத்தகைய திரையை உருவாக்கும் முயற்சி கனடாவின் வான்கூவர் நகரில் பலன் தந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள், எல்சிடி பலகையின் பின்னால் சீரான ஒளிக்குப் பதிலாக இடத்துக்கு இடம் மாறும் ஒளியை வைத்தனர். படத்தின் இருண்ட பகுதிக்குப் பின்னால் உள்ள விளக்கு மங்கும். வெளிச்சமான பகுதிக்குப் பின்னால் உள்ளது ஓங்கி எரியும். ஹெல்கே சீட்சன், லோர்ன் வைட்ஹெட், கிரெக் வார்ட் உள்ளிட்டோர் இதைப் பற்றி 2004இல் சிக்கிராஃப் மாநாட்டில் கட்டுரை அளித்தனர். இம்முறையை வணிகமாக்கிய பிரைட்சைடு நிறுவனத்தை 2007இல் டால்பி வாங்கியது. இன்று பகுதிவாரிப் பின்னொளி மங்கல் அல்லது லோக்கல் டிம்மிங் எனப்படும் நுட்பம் இந்த வழியில் வந்ததே.

அடுத்து, இவ்வளவு பெரிய வீச்சைச் சமிக்ஞையில் எப்படி எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. மனிதக் கண் எவ்வளவு சிறிய ஒளிர்வு வேறுபாட்டை உணரும் என்பதற்கு நெதர்லாந்து அறிவியலாளர் பீட்டர் பார்ட்டன் ஒரு மாதிரியை வகுத்திருந்தார். அதை அடிப்படையாகக் கொண்டு டால்பி ஆய்வாளர்கள் பிக்யூ என்னும் வளைவை அமைத்தனர். சுழியிலிருந்து 10,000 நிட் வரை அது நீள்கிறது. கண் கூர்மையாக உணரும் இருண்ட பகுதிக்கு அதிக எண்களும், வெளிச்சமான பகுதிக்குக் குறைந்த எண்களும் ஒதுக்கப்பட்டன. சமிக்ஞையின் ஏறத்தாழப் பாதி 100 நிட்டுக்குக் கீழே செலவாகிறது. 1,000 நிட் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் வந்துவிடுகிறது. 2014இல் இவ்வளைவு எஸ்டி 2084 என்ற தரநிலையாக வெளிவந்தது. அதே ஆண்டு சனவரியில் டால்பி விஷன் அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் மரபு முறிந்தது. பிக்யூ சமிக்ஞையில் ஒவ்வோர் எண்ணும் ஒரு குறிப்பிட்ட நிட் மதிப்பைச் சுட்டுகிறது. இந்த இடம் 180 நிட், அந்தச் சுடர் 900 நிட் என்று படைப்பாளர் முடிவுசெய்த அளவே வீட்டுத் திரையிலும் வரவேண்டும் என்பது அதன் நோக்கம். வண்ணச் சீரமைப்பு அறையில் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் பார்த்த அதே படத்தைப் பார்வையாளரும் பார்க்கவேண்டும் என்ற நியாயமான விருப்பம் அதற்குள் இருந்தது. ஆனால் அந்த அறை ஏறத்தாழ இருட்டானது. எச்டிஆர் படங்களை மதிப்பிடுவதற்குப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2016இல் பிடி.2100 தரநிலையில் வகுத்த சுற்றொளியின் அளவு 5 நிட் மட்டுமே. சன்னல் திறந்த கூடத்தில் பகலில் தொடர் பார்க்கும் குடும்பம் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

எதிர்மாறான விடையும் அப்போதே வைக்கப்பட்டது. பிரிட்டனின் பிபிசியும் சப்பானின் என்எச்கேயும் இணைந்து எச்எல்ஜி என்னும் முறையை உருவாக்கின. நேரலை ஒளிபரப்பை மனத்தில் கொண்ட இம்முறை, பழைய தொலைக்காட்சியைப் போல ஒளிர்வைப் பங்காகவே சொல்கிறது. திரையின் திறனுக்கும் அறையின் வெளிச்சத்துக்கும் ஏற்பப் படம் விரியவும் சுருங்கவும் அது இடம் தருகிறது. பிடி.2100 தரநிலை இரண்டையும் ஏற்றுக்கொண்டது. பிபிசி 2017இல் புளூ பிளானட் 2 தொடரையும் 2018இல் உலகக் கோப்பைக் கால்பந்தையும் எச்எல்ஜி முறையில் இணையவழி வழங்கியது. ஆயினும் திரைப்படங்களையும் தொடர்களையும் வழங்கும் பெரிய சேவைகள் பிக்யூவையே தேர்ந்தன.

வீட்டுக்கு வந்த எச்டிஆர்

2015 ஏப்ரலில் எச்டிஎம்ஐ 2.0ஏ வடிவம் எச்டிஆர் தகவலைக் கம்பிவழி அனுப்ப வழிசெய்தது. அதே ஆண்டு சூன் மாதம் அமேசான், மொசார்ட் இன் த சங்கிள் தொடரின் முதல் பருவத்தை அமெரிக்காவில் எச்டிஆரில் வெளியிட்டது. ஆகத்து மாதம் அமெரிக்க நுகர்வோர் மின்னணுவியல் சங்கம் எச்டிஆர்10 என்னும் திறந்த வடிவத்தை வரையறுத்தது. நெட்பிளிக்ஸ் 2016 ஏப்ரலில் மார்கோ போலோ தொடரோடு தொடங்கியது. யூடியூப் அதே ஆண்டு நவம்பரில் இணைந்தது.

தொலைக்காட்சிகளுக்கான அளவுகோலும் வந்தது. யுஎச்டி கூட்டமைப்பு 2016 சனவரியில் அல்ட்ரா எச்டி பிரீமியம் என்ற முத்திரையை அறிவித்தது. அதைப் பெற ஒரு திரை இரண்டில் ஒரு நிபந்தனையை நிறைவேற்ற வேண்டும்: உச்ச ஒளிர்வு 1,000 நிட்டுக்கு மேலும் கருமை 0.05 நிட்டுக்குக் கீழும் இருக்கவேண்டும். அல்லது உச்சம் 540 நிட்டுக்கு மேலும் கருமை 0.0005 நிட்டுக்குக் கீழும் இருக்கவேண்டும். முன்னது எல்சிடி திரைகளுக்கும் பின்னது ஓஎல்இடி திரைகளுக்கும் ஏற்றது.

ஆனால் அந்த முத்திரை கட்டாயமானதன்று. எச்டிஆர் என்ற சொல்லைப் பெட்டியின் மேல் அச்சிட, அந்தச் சமிக்ஞையைப் பெற்றுப் புரிந்துகொள்ளும் திறன் இருந்தாலே போதுமானதாக இருந்தது. 300 நிட் தரும், பகுதிவாரி மங்கல் இல்லாத மலிவான திரையும் எச்டிஆர் தொலைக்காட்சி என்றே விற்கப்பட்டது. சமிக்ஞையைப் படிப்பதும் அதைக் காட்டுவதும் வேறுவேறு என்பது வாங்கியவருக்குச் சொல்லப்படவில்லை.

படம் ஏன் இருண்டது

பழைய முறையில் அத்தகைய திரை 100 நிட் படத்தை 300 நிட் வரை உயர்த்திக் காட்டியது. எச்டிஆர் படத்திலோ, சாதாரண வெள்ளைக்குப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டி பரிந்துரைக்கும் அளவு 203 நிட். அதற்கு மேலுள்ள வீச்சு சூரியன், தீ, மின்னும் உலோகம் போன்ற உச்ச வெளிச்சங்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே திரை தரநிலையை நேர்மையாகப் பின்பற்றினால், முகமும் சுவரும் தெருவும் பழைய படத்தைவிட மங்கலாகவே தெரியும். பிரகாசத்தைக் கூட்டலாம் என்றால், எச்டிஆரைக் கண்டவுடன் பெரும்பாலான பெட்டிகள் பின்னொளியை ஏற்கெனவே உச்சத்தில் வைத்துவிடுகின்றன. கூட்டுவதற்கு மிச்சமில்லை.

இரண்டாவது சிக்கல் சுருக்கத்தில் உள்ளது. 1,000 நிட் அல்லது 4,000 நிட் தரும் தொழில்முறைத் திரைகளில் சீரமைக்கப்பட்ட படத்தை 300 நிட் திரைக்குள் அடக்கவேண்டும். டோன் மேப்பிங் எனப்படும் இப்பணியில் பெட்டிக்கு இரண்டு வழிகள் உண்டு. உச்சங்களை வெட்டினால் மேகத்தின் நுணுக்கம் போகும். முழுப் படத்தையும் கீழே தள்ளினால் எல்லாமே இருளும். எச்டிஆர்10 வடிவில் இதற்கு உதவும் குறிப்புத் தரவு முழுப் படத்துக்கும் ஒன்றே. படத்தில் ஒரே ஒரு வெடிப்புக் காட்சி 4,000 நிட்டைத் தொட்டிருந்தாலும், அந்த எண்ணை நம்பும் பெட்டி மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கும் உரையாடலையும் சேர்த்து மங்கலாக்கிவிடக்கூடும்.

மூன்றாவது, கருமை. பகுதிவாரி மங்கல் இல்லாத எல்சிடி திரையில் பின்னொளி உச்சத்துக்குப் போகும்போது, கறுப்பு சாம்பல் நிறமாகிறது. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்வதால் இச்சிக்கல் இல்லை. ஆனால் பனி மூடிய மலை போன்று திரை முழுவதும் வெளிச்சமான காட்சி வரும்போது, மின்சுமையையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்த அது தன் ஒளிர்வைத் தானே குறைத்துக்கொள்கிறது.

நான்காவது, இணையம். எச்டிஆருக்கு நிறத்துக்கு 256 படிகள் தரும் 8 பிட் போதாது. 1,024 படிகள் தரும் 10 பிட் வேண்டும். அல்ட்ரா எச்டி புளூரே வட்டு நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் தரமுடியும். நெட்பிளிக்ஸ் தன் 4கே படத்துக்குப் பரிந்துரைக்கும் இணைய வேகமோ நொடிக்கு 15 மெகாபிட். இணைப்பு தளர்ந்தால் சேவை தானாகவே சிறிய கோப்புக்கு இறங்குகிறது. இந்தச் சிக்கனத்தின் முதல் பலி இருண்ட காட்சிகளின் மென்மையான நிறமாற்றங்களே. புகை, மூடுபனி, அந்தி வானம் ஆகியவற்றில் பட்டைகள் தோன்றுவதன் காரணம் இது.

ஐந்தாவது, படைப்பின் விருப்பம். 48 நிட் திரையரங்கத்துக்காகவே கண்ணைப் பழக்கிய ஒளிப்பதிவாளர்களில் பலர் உச்ச வெளிச்சத்தை விரும்பி நாடுவதில்லை. எச்டிஆர் குறி இருந்தாலும் 200 நிட்டைத் தாண்டாத படங்கள் உண்டு. அங்கே மங்கல் என்பது பிழையன்று, தேர்வு.

இரண்டு நிகழ்வுகள்

2017 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் 4கே தரும் ஆப்பிள் டிவி கருவியை வெளியிட்டது. எச்டிஆர் தொலைக்காட்சியோடு இணைத்தபோது, பழைய முறையில் எடுக்கப்பட்ட படங்களையும் பட்டியல் பக்கங்களையும்கூட அது எச்டிஆராக மாற்றி அனுப்பியது. எச்டிஆர் ஆக்கப்பட்டதால் பழைய படங்களின் நிறமும் வெளிச்சமும் பிறழ்ந்தன என்ற குறை எழுந்தது. அதே ஆண்டு திசம்பரில் வந்த மென்பொருள் புதுப்பிப்பு, படம் எந்த வீச்சில் உள்ளதோ அதே வீச்சில் அனுப்பும் தேர்வைச் சேர்த்தது. எச்டிஆர் அல்லாத படத்தை அப்படியே விடுவதே நல்லது என்பது இதனால் பரவலாக உணரப்பட்டது.

மற்றொன்று, 2019 ஏப்ரல் 28 அன்று எச்பிஓவில் வெளியான கேம் ஆஃப் த்ரோன்சு தொடரின் 8ஆம் பருவத்தின் மூன்றாம் பகுதி. முழுக்க இரவுப் போராக எடுக்கப்பட்ட அப்பகுதியில் எதுவும் தெரியவில்லை என்று பார்வையாளர்கள் குறைகூறினர். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், வீட்டுத் திரைகள் சரியாக அமைக்கப்படாததையும், ஒளிபரப்பில் படம் சுருக்கப்பட்டதையும் காரணமாகக் காட்டினார். அந்த ஒளிபரப்பு எச்டிஆரில் நடைபெறவில்லை. எனினும் சீரமைப்பு அறையின் இருட்டுக்கும் வீட்டின் வெளிச்சத்துக்கும் இடையிலான தொலைவை உலகம் ஒரே இரவில் பேசிய நிகழ்வு அதுவே. எச்டிஆரில் நாள்தோறும் நடப்பதும் அதே முரண்தான்.

திருத்த முயற்சிகள்

தொழில்துறை பல வழிகளில் இச்சிக்கலை அணுகியது. காட்சிக்குக் காட்சி மாறும் குறிப்புத் தரவை டால்பி விஷன் தொடக்கத்திலேயே கொண்டிருந்தது. உரிமக் கட்டணமற்ற மாற்றாகச் சாம்சங்கும் அமேசானும் 2017 ஏப்ரலில் எச்டிஆர்10 பிளஸ் வடிவத்தை அறிவித்தன. இதனால் மெழுகுவத்திக் காட்சி வெடிப்புக் காட்சிக்காகத் தண்டிக்கப்படுவது குறைந்தது. ஆனால் வடிவப் போட்டி புதிய குழப்பத்தையும் தந்தது. சாம்சங் தொலைக்காட்சிகள் டால்பி விஷனை ஏற்பதில்லை. ஆகவே அவ்வடிவில் கிடைக்கும் படம் அவற்றில் சாதாரண எச்டிஆர்10 ஆகவே ஓடியது. நெட்பிளிக்ஸ் எச்டிஆர்10 பிளஸ் வடிவத்தை ஏற்றது 2025இல்தான்.

2019 ஆகத்தில் யுஎச்டி கூட்டமைப்பு ஃபிலிம்மேக்கர் மோடு என்ற அமைப்பை அறிவித்தது. தொலைக்காட்சி தானாகச் செய்யும் அசைவு மென்மையாக்கம், கூர்மையாக்கம் முதலியவற்றை ஒரே பொத்தானில் நிறுத்துவது அதன் பணி. 2020 சனவரியில் வந்த டால்பி விஷன் ஐக்யூ, அறையின் வெளிச்சத்தை உணரியால் அளந்து படத்தை மாற்றியது. இது குறிப்பிடத்தக்க திருப்பம். பிக்யூ கைவிட்ட அறையின் கணக்கு, ஆறு ஆண்டுகளுக்குப் பின் அதை உருவாக்கிய நிறுவனத்தின் கையாலேயே திரும்பிவந்தது. எச்டிஆர்10 பிளஸ் தரப்பும் இதேபோன்ற வசதியைக் கொண்டுவந்தது. நெட்பிளிக்ஸ் 2023இல் தன் எச்டிஆர் படங்களைக் காட்சியின் தன்மைக்கேற்ப மீண்டும் குறியாக்கம் செய்து முடித்து, குறைந்த தரவிலேயே தரத்தைக் கூட்டியது.

மின்சாரம் மறுபக்கம் இழுத்தது. உச்ச ஒளிர்வு மின்நுகர்வைக் கூட்டுவதால், 2021 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆற்றல் முத்திரையில் எச்டிஆர் மின்நுகர்வு தனியாகத் தரவரிசைப்படுத்தப்படுகிறது. பெட்டிகளில் மின்சேமிப்பு அமைப்பு இயல்பாகவே இயங்கும்படி விற்கப்படுவதும் வழக்கம். படத்தை மேலும் இருளச் செய்யும் காரணங்களில் அதுவும் ஒன்று.

வீட்டில் செய்யக்கூடியவை

இவ்வரலாற்றிலிருந்தே நடைமுறை வழிகளும் கிடைக்கின்றன. பெரும்பாலான தொலைக்காட்சிகள் எச்டிஆருக்கெனத் தனிப் பட அமைப்புகளை வைத்துக்கொள்கின்றன; சாதாரணப் படத்துக்குச் செய்த மாற்றம் அங்கே செல்லாது. எனவே எச்டிஆர் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அமைப்புகளைத் திறந்து மாற்றவேண்டும். முதலில் மின்சேமிப்பை நிறுத்தி, பின்னொளி உச்சத்தில் உள்ளதா என்று பார்ப்பதும், லோக்கல் டிம்மிங் இருந்தால் அதை உயர்நிலையில் வைப்பதும் பயன் தரும். காட்சிக்கேற்ற டோன் மேப்பிங் வசதி இருந்தால், வெளிச்சமான அறையில் அதை இயக்கலாம். படைப்பாளர் வகுத்த அளவிலிருந்து படம் சற்று விலகினாலும் முகங்கள் தெரியும். ஃபிலிம்மேக்கர் மோடு இருட்டறைக்கு ஏற்றது. பகலில் அதையே வைத்துக்கொண்டு படம் இருள்கிறது என்பது அறையின் குறையேயன்றிப் பெட்டியின் குறையன்று.

வெளிக்கருவி வழியாகப் பார்ப்பவர்கள், அது இணைந்துள்ள எச்டிஎம்ஐ வாயிலுக்கு உயர்திறன் அமைப்பு இயக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும். பல பெட்டிகளில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். படத்தின் வீச்சுக்கு ஏற்ப அனுப்பும் தேர்வையும் கருவியில் இயக்கவேண்டும். சில சேவைகள் 4கேயையும் எச்டிஆரையும் உயர்கட்டணத் திட்டத்துக்கு மட்டுமே தருகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. பட்டைகள் தெரிந்தால், வைஃபைக்குப் பதில் கம்பி இணைப்பில் பார்ப்பது எளிய சோதனை.

இவ்வளவுக்குப் பின்னும் படம் மங்கலாகவே இருந்தால், பெட்டியின் திறன் அவ்வளவே என்று கொள்ளலாம். அப்போது கருவியில் எச்டிஆரை அணைத்துவிட்டுச் சாதாரண வீச்சில் பார்ப்பதே சிறந்த தீர்வு. 300 நிட் திரையில் நன்கு சீரமைக்கப்பட்ட சாதாரணப் படம், சுருக்கி இருட்டாக்கப்பட்ட எச்டிஆர் படத்தைவிட நிறைவாக இருக்கும். இதைத் தோல்வியாகக் கருதவேண்டியதில்லை.

மதிப்பீடு

எச்டிஆர் ஒரு வெற்று விளம்பரம் அன்று. நல்ல ஓஎல்இடி திரையிலோ, பல பகுதிகளாக மங்கும் பின்னொளி கொண்ட எல்சிடி திரையிலோ, விளக்கணைத்த அறையில் அதைக் காண்பவர் பழைய முறைக்குத் திரும்ப விரும்புவதில்லை. பிழை அதன் கருத்தில் இல்லை. அது வீடுகளுக்குள் வந்த வரிசையில் உள்ளது. முதலில் 10,000 நிட் வரை எழுதும் தரநிலை வந்தது. பிறகு 300 நிட் திரைக்கும் அதன் பெயர் ஒட்டப்பட்டது. அறையின் வெளிச்சம் கடைசியாகவே நினைவுக்கு வந்தது. தொலைக்காட்சி தோன்றிய நாள் முதல் பார்ப்பவரின் கையில் இருந்த பிரகாசக் குமிழ், அவரிடம் கேட்காமலே படைப்பாளரின் கைக்கு மாறியது. பின்னர் வந்த திருத்தங்களில் பல, ஏதோ ஒரு வகையில் அந்தக் குமிழை மீண்டும் வீட்டிற்குக் கொண்டுசேர்க்கும் முயற்சிகளே.